மூளையின் இரு பாதிகள், கைப்பழக்கம், பேச்சு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவர் எந்தக் கையால் எழுதுகிறார் என்று தெரிந்தால், அவருடைய பேச்சு மூளையின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டு. ஆனால் கையைப் பார்த்துப் பேச்சை ஊகிக்கும் அளவுக்கு அது இறுக்கமான தொடர்பு அல்ல. நோயாளிகளின் குடும்பத்தார், இடக்கைப் பிள்ளைகளின் பெற்றோர், மாணவர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறோம்.

மூளையின் இடது பாதி ஏன் வலக்கையை இயக்குகிறது?

மூளைப் புறணியிலிருந்து தண்டுவடத்துக்கு இறங்கும் இயக்க நரம்பிழைகளில் 85 முதல் 90 சதவீதம் வரை, மூளைத்தண்டின் கீழ்ப்பாகமான முகுளத்தின் அடிப்பகுதியில் எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. விரல்களின் நுண்ணிய அசைவு ஏறக்குறைய முழுவதும் இந்தத் தாண்டிய இழைகளையே நம்பியிருக்கிறது. உடற்பகுதித் தசைகளுக்கு இரு பக்கமிருந்தும் கட்டளை வருகிறது. பக்கவாதத்தில் கைவிரல்கள் கடைசியாகத் தேறுவதும், முதுகை நிமிர்த்தி உட்காருவது முன்னதாகவே திரும்புவதும் இதனால்தான்.

பார்வை விஷயத்தில் பலரும் ஓரிடத்தில் தவறுகிறார்கள். இடது கண் வலது மூளைக்கு என்பது சரியல்ல. இடது பார்வைப் பாதி, அதாவது நேரே பார்க்கும்போது இடப்புறம் தெரிவதெல்லாம், இரு கண்களிலிருந்தும் வலது மூளைக்குப் போகிறது.

பேச்சு இடப்பக்கம் என்று எப்படித் தெரிந்தது?

1861இல் பாரிஸின் பிசெத்ர் மருத்துவமனையில் லெபோர்ன் என்ற நோயாளி இறந்தார். பல ஆண்டுகளாக அவர் வாயிலிருந்து வந்தது பெரும்பாலும் 'தான்' என்ற ஒரே அசைதான். பிறர் பேசுவது அவருக்குப் பெருமளவு புரிந்தது. அறுவை மருத்துவர் பால் ப்ரோக்கா அவருடைய மூளையை ஆராய்ந்து, இடது முன்மடலின் கீழ்ப்பகுதியில் சேதத்தைக் கண்டார். ஒரு நோயாளியை வைத்து அவர் பக்கம் பற்றிய முடிவுக்கு வரவில்லை. மேலும் பலரைப் பார்த்த பிறகே, 1865இல், பேச்சுக்கு இடது பாதிதான் முதன்மை என்று எழுதினார். மார்க் டாக்ஸ் என்ற மருத்துவர் 1836இலேயே இதைக் கவனித்து எழுதியிருந்தார். அந்தக் கட்டுரை அவருடைய மகனின் முயற்சியால் 1865இல்தான் அச்சேறியது. 1874இல் கார்ல் வெர்னிக்கே இன்னொரு வகைப் பேச்சிழப்பை விவரித்தார். அதில் பேச்சு சரளமாக ஓடும், பொருள் இருக்காது, கேட்பதும் புரியாது. சேதம் இடது பொட்டுமடலின் பின்பகுதியில் இருந்தது.

லெபோர்னின் மூளை பாதுகாக்கப்பட்டிருந்ததால் அதைப் பிற்காலத்தில் எம்ஆர்ஐ எடுக்க முடிந்தது. வெளியே தெரிந்ததைவிடச் சேதம் மிக ஆழமாகப் போயிருந்தது அப்போது தெரிந்தது. 'ப்ரோக்கா பகுதி கெட்டால் பேச்சு போகும்' என்று பாடநூல் பாணியில் சுருக்கிச் சொல்வது போதாது என்பதற்கு இதுவே நல்ல சான்று. அந்தச் சிறு பகுதி மட்டும் பாதிக்கப்பட்டால் பேச்சு பெரும்பாலும் சில வாரங்களில் தேறிவிடும். அடியில் ஓடும் வெள்ளை நரம்பிழைகளும் போனால்தான் இழப்பு நிலைக்கிறது.

இடக்கைக்காரர்களுக்குப் பேச்சு வலப்பக்கமா?

பெரும்பாலோருக்கு இல்லை. இந்தக் கேள்வி பதில்களில் ஒரே ஒரு பதிலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

வலிப்பு அறுவைக்கு முன் நோயாளிகளைச் சோதித்து ராஸ்முசனும் பிரெண்டா மில்னரும் 1977இல் வெளியிட்ட கணக்கில், வலக்கைக்காரர்களில் 96 சதவீதத்தினருக்கும் இடக்கைக்காரர்களில் 70 சதவீதத்தினருக்கும் பேச்சு இடப்பக்கம் இருந்தது. மீதி இடக்கைக்காரர்களில் 15 சதவீதத்தினருக்கு வலப்பக்கம், 15 சதவீதத்தினருக்கு இருபக்கமும். வலிப்பு நோயாளிகளின் மூளையை மட்டும் வைத்துப் பொதுவாகச் சொல்ல முடியாது என்ற எதிர்வாதம் நியாயமானதே. ஆனால் 2000இல் க்னெக்ட் குழுவினர் 326 ஆரோக்கியமானவர்களை அல்ட்ராசவுண்ட் முறையில் சோதித்தபோதும் படம் பெரிதாக மாறவில்லை. வலப்பக்கப் பேச்சு தீவிர வலக்கைக்காரர்களில் 4 சதவீதம், இரு கையும் பழகியவர்களில் 15 சதவீதம், தீவிர இடக்கைக்காரர்களில் 27 சதவீதம். இடக்கைத் தன்மை கூடக் கூட வாய்ப்பும் படிப்படியாகக் கூடுகிறது. ஆனாலும் அந்தக் கடைக்கோடியில்கூட பாதியை எட்டவில்லை.

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். 1,000 பேரில் சுமார் 100 பேர் இடக்கைக்காரர்கள். எளிமைக்காக மேலே சொன்ன இரு முனைச் சதவீதங்களையே எல்லாருக்கும் பொருத்துவோம். வலப்பக்கப் பேச்சு உள்ள இடக்கைக்காரர்கள் 27 பேர். மீதி 900 வலக்கைக்காரர்களில் 4 சதவீதம் என்றால் 36 பேர். ஆக, வலப்பக்கப் பேச்சு உள்ளவர்களைக் கூட்டிச் சேர்த்தால் அதிலும் வலக்கைக்காரர்களே அதிகம். வலக்கைக்காரர் என்பதாலேயே 'வலப்பக்க அறுவை, பேச்சுக்கு ஆபத்தில்லை' என்று இருந்துவிட முடியாததற்கு இந்தக் கணக்கே காரணம்.

நான் எவ்வளவு இடக்கை என்று எப்படி அளப்பது?

எழுதும் கையை மட்டும் கேட்பது போதாது. எழுத்துதான் பெரியவர்கள் மாற்றிப் பழக்கும் முதல் வேலை. அதிகம் பயன்படுவது ஓல்ட்ஃபீல்டு 1971இல் வெளியிட்ட எடின்பரோ கேள்விப்பட்டியல். பத்து வேலைகள்: எழுதுவது, வரைவது, எறிவது, கத்தரிக்கோல், பல் பிரஷ், கத்தி, ஸ்பூன், துடைப்பத்தைப் பிடிக்கும்போது மேலே இருக்கும் கை, தீக்குச்சி உரசுவது, பெட்டியின் மூடியைத் திறப்பது. ஒரு கையைத் தவிர மற்றதைப் பயன்படுத்தவே மாட்டேன் என்றால் அந்தக் கைக்கு 2 மதிப்பெண். பொதுவாக அந்தக் கைதான் என்றால் 1. எந்தக் கையானாலும் சரி என்றால் இரண்டுக்கும் ஒவ்வொன்று. பிறகு வலது மொத்தத்திலிருந்து இடது மொத்தத்தைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்து, 100ஆல் பெருக்க வேண்டும்.

ஒருவர் ஐந்து வேலைகளை இடக்கையால் மட்டுமே செய்கிறார் (10). ஒன்றைப் பொதுவாக இடக்கையால் (1). கத்தரிக்கோலும் துடைப்பமும் வலக்கை மட்டும் (4). மீதி இரண்டுக்கு எந்தக் கையும் (இடது 2, வலது 2). இடது 13, வலது 6. வித்தியாசம் கழித்தல் 7, மொத்தம் 19, மதிப்பு கழித்தல் 37. 'நான் இடக்கை' என்று சொல்லும் பலர் இப்படி நடுவில்தான் வருகிறார்கள். கழித்தல் 100இல் நிற்பவர்கள் குறைவு. வலக்கைக்காரர்களோ கூட்டல் 80க்கு மேல் திரண்டு நிற்பார்கள்.

இதை நிரப்பும்போது வழக்கமாக வரும் தவறு, யோசித்து எழுதுவது. பொருளைக் கையில் எடுத்துச் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். மூடி திறப்பதையும் துடைப்பத்தையும் பெரும்பாலோர் தவறாகவே நினைவுகூர்கிறார்கள்.

'இடது மூளைக்காரர் தர்க்கவாதி, வலது மூளைக்காரர் கலைஞர்' என்பது உண்மையா?

இல்லை. யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் 1,011 பேரின் ஸ்கேன்களை ஆராய்ந்தார்கள். சில வேலைகள் ஒரு பக்கம் சாய்ந்திருப்பது தெரிந்தது. ஆனால் ஒரு பாதியையே மொத்தமாக அதிகம் பயன்படுத்தும் 'ரகம்' மனிதர்கள் என்று யாரும் கிடைக்கவில்லை. இதை வைத்துப் பிள்ளைகளுக்குப் படிப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

அப்படியானால் பேச்சில் வலது பாதிக்கு வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது. குரலின் ஏற்ற இறக்கம், கோபமா கெஞ்சலா என்ற தொனி, பேசுவது யாருடைய குரல், சொன்னதன் உள்ளர்த்தம் ஆகியவற்றில் வலது பாதிக்குப் பெரும் பங்கு. தனிச்சொற்களின் பொருள் இரு பாதிகளுக்கும் தெரியும். இடது பாதிக்கு அசைக்க முடியாத பிடி இருப்பது ஒலிகளை வரிசையாகக் கோத்து உச்சரிப்பதிலும் வாக்கிய அமைப்பிலும்தான்.

மூளையின் வலது பாதியில் பக்கவாதம் வந்தவர் தெளிவாகப் பேசுவார். ஆனால் குரல் தட்டையாக இருக்கும். இடப்புற உலகமே இல்லாததுபோல நடந்துகொள்ளவும் கூடும். தட்டின் வலது பாதியை மட்டும் உண்பார், முகத்தின் வலப்புறத்தை மட்டும் சவரம் செய்வார், கை விழுந்ததையே மறுப்பார். பேச்சு நன்றாக இருப்பதால் குடும்பத்தார் இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். தனியே தெருவைக் கடக்கவிடுவது அவருக்கு உண்மையிலேயே ஆபத்து.

சைகை மொழி இதைவிடத் தெளிவாகக் காட்டுகிறது. கைகளாலும் இடவெளியாலும் நடக்கும் மொழி என்பதால் அது வலப்பக்கம் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆனால் காது கேளாத சைகையாளர்களுக்கும் இடப்பக்கம் சேதமானால்தான் மொழி சிதைகிறது. இடது பாதி பற்றிக்கொண்டிருப்பது வாயை அல்ல, மொழியை.

ஒருவருடைய பேச்சு எந்தப் பக்கம் என்று மருத்துவர்கள் எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பழையதும் மிக நேரடியானதும் வாடா சோதனை. ஜூன் வாடா என்ற மருத்துவர் 1949இல் விவரித்தது. தொடை இடுக்கிலிருந்து குழாய் செலுத்தி, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் உட்கரோட்டிட் தமனியில், ஒரு பக்கம் மட்டும், அந்தப் பாதியைச் சில நிமிடம் உறங்கவைக்கும் அமோபார்பிட்டால் மருந்தைச் செலுத்துவார்கள். அளவு பெரும்பாலும் 100 மில்லிகிராமை ஒட்டி இருக்கும். நோயாளி இரு கைகளையும் தூக்கி எண்களைச் சொல்லிக்கொண்டிருப்பார். சில நொடிகளில் எதிர்ப்பக்கக் கை தொய்ந்து விழும். பேச்சு அந்தப் பாதியில் இருந்தால் எண்ணுவதும் நிற்கும். அடுத்த சில நிமிடங்களுக்குள் படங்களுக்குப் பெயர் கேட்பது, வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வது எல்லாம் முடிய வேண்டும். மருந்தின் வேகம் நன்கு தணிந்த பிறகு மறுபக்கம் செய்வார்கள். மருந்து இணைப்புத் தமனி வழியே மறுபாதிக்குள் புகுந்துவிட்டாலோ நோயாளி அரைத்தூக்கத்துக்குப் போனாலோ முடிவு நம்பத்தக்கதல்ல. அதனால் முன்கூட்டியே ரத்தக்குழாய் படம் எடுத்துப் பார்க்கிறார்கள். குழாய் செலுத்துவதால் பக்கவாத ஆபத்தும் சிறிதளவு உண்டு.

ஆகவே இன்று பெரும்பாலும் முதலில் செய்வது எஃப்எம்ஆர்ஐ, அதாவது மூளையின் எந்தப் பகுதி வேலை செய்கிறது என்பதை ரத்த ஓட்ட மாற்றத்தை வைத்துக் காட்டும் ஸ்கேன். ஸ்கேனுக்குள் படுத்தபடி சுமார் 30 நொடி மனதுக்குள் சொற்களை உருவாக்குவது, 30 நொடி ஓய்வு என்று மாற்றி மாற்றிச் சில நிமிடங்கள் செய்ய வேண்டும். இருபக்கச் செயல்பாட்டின் வித்தியாசத்தைக் கூட்டுத்தொகையால் வகுத்தால் ஒரு குறியீட்டெண் கிடைக்கும். கூட்டல் 0.2க்கு மேல் இடப்பக்கம், கழித்தல் 0.2க்குக் கீழ் வலப்பக்கம், நடுவில் இருபக்கம் என்பது பரவலான வழக்கம். இது கெடும் வழிகள் பல. தலை சில மில்லிமீட்டர் அசைந்தாலே போதும். நோயாளி மனதுக்குள் வேலையைச் செய்யாமல் சும்மா படுத்திருந்தால் வெளியே யாருக்கும் தெரியாது. மூளைக் கட்டிக்கு அருகே ரத்த ஓட்டம் மாறியிருந்தால் உயிருள்ள பேச்சுப் பகுதிகூட அணைந்ததுபோல் தெரிந்து, பேச்சு மறுபக்கம் போய்விட்டதாகப் பொய்த்தோற்றம் தரும். இரண்டு மூன்று வெவ்வேறு பணிகளில் ஒரே பக்கம் வந்தால்தான் நம்ப வேண்டும்.

ஊசியும் ஸ்கேனும் இல்லாமல் செய்யக்கூடியது டாப்ளர் முறை. இரு நெற்றிப்பொட்டுகளிலும் 2 மெகாஹெர்ட்ஸ் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பொருத்தி, ஏறத்தாழ 50 மில்லிமீட்டர் ஆழத்தில் உள்ள நடுமூளைத் தமனியின் ரத்த வேகத்தை இருபக்கமும் ஒப்பிடுவார்கள். குழந்தைகளுக்கும் ஏற்றது. ஆனால் பத்தில் ஒருவர் போன்ற அளவில், குறிப்பாக வயதான பெண்களில், பொட்டெலும்பின் வழியே ஒலியலை போதிய அளவு நுழைவதில்லை.

இரு காதுகளிலும் ஒரே நேரத்தில் 'பா', 'டா' என வெவ்வேறு அசைகளைக் கேட்கச் செய்யும் சோதனையை டோரீன் கிமுரா 1961இல் பேச்சுப் பக்கத்தோடு பொருத்திக் காட்டினார். வலக்காது அசை அதிகம் பிடிபட்டால் இடப்பக்கப் பேச்சின் அடையாளம். குழுக்களை ஒப்பிட நல்லது, தனிநபர் அறுவை முடிவுக்குப் போதாது. முதலில் இரு காதுகளின் கேட்கும் திறனையும் அளவிடுங்கள். வித்தியாசம் 10 டெசிபெலைத் தாண்டினால் இந்தச் சோதனையால் பயனில்லை. பாதியில் ஹெட்ஃபோனை இடம் மாற்றிப் போட்டால் கருவியின் கோளாறு கழிந்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் கட்டி பேச்சுப் பகுதியை ஒட்டியிருந்தால், நோயாளியை விழிக்க வைத்தே அறுவை செய்வார்கள். மூளைத்திசுவுக்கு வலி தெரியாது. மின்முனையால் ஓரிடத்தைத் தொடும்போது படத்தின் பெயரைச் சொல்ல முடியாமல் நோயாளி திணறினால் அந்த இடத்தை விட்டுவிடுவார்கள்.

ஸ்கேன் படத்தில் இடப்பக்கம் எது?

கேட்க வேண்டிய கேள்விதான். மருத்துவப் படங்களை நோயாளியின் காலடியிலிருந்து பார்ப்பதுபோல் வைப்பது வழக்கம். ஆகவே நோயாளியின் இடப்பக்கம் படத்தின் வலப்புறம் இருக்கும். சில ஆய்வு மென்பொருள்கள் நேர்மாறாகக் காட்டும். படத்தில் 'எல்' அல்லது 'ஆர்' எழுத்தைத் தேடாமல் பக்கத்தைச் சொல்லாதீர்கள். ஆய்வுகளில் தலையின் ஒரு பக்கம் வைட்டமின் ஈ மாத்திரையை ஒட்டிவிடுவது நல்ல பழக்கம். எம்ஆர்ஐயில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும், எந்த மென்பொருள் திருப்பினாலும் பக்கம் தப்பாது.

இரு பாதிகளையும் இணைக்கும் பட்டையை வெட்டினால் என்ன ஆகும்?

கார்பஸ் கலோசம் என்ற அந்தப் பட்டையில் சுமார் 20 கோடி நரம்பிழைகள் உள்ளன. கட்டுக்கடங்காத வலிப்புக்காக 1960களில் அதை வெட்டிய நோயாளிகளை ரோஜர் ஸ்பெரியும் மைக்கேல் கஸனிகாவும் ஆராய்ந்தார்கள். ஸ்பெரிக்கு 1981இல் நோபல் பரிசு கிடைத்தது. நோயாளி திரையின் நடுப்புள்ளியைப் பார்த்திருக்க, இடப்புறம் ஒரு ஸ்பூன் படம் பத்தில் ஒரு நொடி மின்னி மறையும். கண் திரும்ப ஏறத்தாழ ஐந்தில் ஒரு நொடி ஆகும் என்பதால்தான் அவ்வளவு குறுகிய நேரம். என்ன பார்த்தீர்கள் என்றால் 'ஒன்றுமில்லை' என்பார். பேசும் இடது பாதிக்குப் படம் போகவே இல்லை. ஆனால் திரைக்குப் பின்னால் இருக்கும் பொருள்களைத் தடவச் சொன்னால் இடக்கை ஸ்பூனைச் சரியாக எடுத்துவிடும்.

கைப்பழக்கம் எப்போது தீர்மானமாகிறது?

பிறப்பதற்கு முன்பே சாய்வு தெரிகிறது. கருவிலேயே எந்தக் கட்டைவிரலைச் சூப்புகிறது என்று ஸ்கேனில் பார்த்த 75 பிள்ளைகளை 10 முதல் 12 வயதில் மீண்டும் பார்த்தார்கள். வலது விரலைச் சூப்பிய 60 பேரும் வலக்கைக்காரர்கள். இடது விரலைச் சூப்பிய 15 பேரில் 10 பேர் இடக்கை, 5 பேர் வலக்கை.

மரபின் பங்கு நான்கில் ஒரு பங்கு அளவே. ஒரே கருமுட்டை இரட்டையரில்கூட ஏறத்தாழ ஐந்தில் ஒரு ஜோடியில் ஒருவர் இடக்கை, மற்றவர் வலக்கை. 17 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுத் தரவை அலசிய ஆய்வு, இடக்கையோடு தொடர்புள்ள 41 இடங்களைக் கண்டது. 'இடக்கை மரபணு' என்று ஒன்றே ஒன்று கிடையாது.

பெற்றோர் கவனிக்க வேண்டியது இது: பெரும்பாலான பிள்ளைகளில் இரண்டு வயதை ஒட்டிக் கை தெரியவரும், நான்கு வயதுக்குள் உறுதிப்படும். ஒரு வயதுக்கு முன்பே ஒரு கையை மட்டும் தெளிவாகப் பயன்படுத்தி, மற்றதை முஷ்டியாக மடக்கியே வைத்திருந்தால் அது கைப்பழக்கம் அல்ல. மற்றக் கை பலவீனமாக இருக்கலாம். ஒருபக்க மூளைமுடக்கு வாதத்தின் (செரிப்ரல் பால்சி) முதல் அடையாளம் இதுவாக இருக்கக்கூடும். காத்திருக்காமல் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள்.

இடக்கையை வலக்கையாக மாற்றினால் திக்குவாய் வருமா?

1920களிலும் 30களிலும் அமெரிக்காவின் அயோவாவில் ஆர்ட்டனும் டிராவிஸும் அப்படித்தான் கருதினார்கள். பின்வந்த ஆய்வுகள் அதைத் தாங்கவில்லை. திக்குவாய் பெரும்பாலும் 2 முதல் 5 வயதுக்குள், எழுத்துப் பயிற்சிக்கு முன்பே தொடங்குகிறது. குடும்பத்தில் பரம்பரையாகவும் வருகிறது. இடது பாதியில் பேச்சு இயக்கப் பகுதிகளை இணைக்கும் நரம்பிழைகளில் வேறுபாடு காணப்படுகிறது. வந்த பிள்ளைகளில் நான்கில் மூவருக்கு அது தானே சரியாகிவிடும். ஆறு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ பிள்ளை பேசவே தயங்கினாலோ ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பாருங்கள்.

அதற்காக மாற்றலாம் என்று பொருளல்ல. மாற்றுவதால் எந்த நன்மையும் இல்லை, எழுத்து மந்தமாகிறது, பிள்ளைக்கு மனஉளைச்சல். வளர்ந்தபின் ஸ்கேன் செய்தாலும், வலக்கையால் எழுதும்போது வலது மூளையின் இயக்கத் திட்டப் பகுதிகள் இன்னும் வேலை செய்வது தெரிகிறது. கை மாறியதே தவிர மூளை முழுதாக மாறவில்லை.

இடக்கைப் பிள்ளைக்கு எழுதக் கற்றுத்தருவது எப்படி?

தாளை உடலின் நடுக்கோட்டுக்குச் சற்று இடப்புறம் வையுங்கள். கடிகாரச் சுற்றில் 30 டிகிரிக்கு மேல் சாய்த்து, இடது மேல்மூலை உயர்ந்து நிற்கட்டும். பென்சிலை முனையிலிருந்து சுமார் 3 சென்டிமீட்டர் மேலே பிடித்தால் எழுதியது கண்ணில் படும், கை மையை இழுக்காது. மணிக்கட்டு வரிக்குக் கீழே இருக்க வேண்டும். தாள் நேராகக் கிடந்தால்தான் பிள்ளை மணிக்கட்டைக் கொக்கிபோல் மேலே வளைக்கத் தொடங்குகிறது. வெளிச்சம் வலப்புறமிருந்து வரட்டும். பெஞ்சில் இடது ஓரத்தில் உட்காரவைத்தால் பக்கத்துப் பிள்ளையின் முழங்கை இடிக்காது.

சாதாரணக் கத்தரிக்கோலை இடக்கையில் கொடுத்தால் விரல்களின் அழுத்தம் இரு அலகுகளையும் ஒன்றையொன்று விட்டு விலக்குகிறது. காகிதம் வெட்டுப்படாமல் மடிகிறது, வெட்டும் கோடும் மறைகிறது. பிள்ளைக்குக் கைவேலை வரவில்லை என்று முடிவு கட்டுமுன் இடக்கைக் கத்தரிக்கோல் வாங்கிக் கொடுங்கள்.

பக்கவாதத்தில் பேச்சு குழறினால் அது பேச்சிழப்புதானா?

முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்துக்கு அறிகுறி தொடங்கியதிலிருந்து 4.5 மணி நேரம்தான் வழக்கமான வரம்பு. கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்ற நேரத்தைக் குறித்துவையுங்கள்.

மருத்துவமனையில் இரண்டைப் பிரித்துப் பார்ப்பார்கள். நாக்கும் உதடும் பலவீனமாகிக் குழறுவது எந்தப் பாதி பாதித்தாலும் வரும். அவருக்கு மொழி அப்படியே இருக்கும், எழுதிக் காட்டச் சொன்னால் சரியாக எழுதுவார். பேச்சிழப்பில் எழுத்தும் சேர்ந்து சிதையும். பேனாவைக் காட்டிப் பெயர் கேட்பது, ஒரு வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லச் சொல்வது, 'கண்ணை மூடிவிட்டுக் கையைத் தூக்குங்கள்' என்பது ஆகியவை அடிப்படைச் சோதனைகள். இதைச் சொல்லும்போது உங்கள் கையை அசைக்கவே கூடாது. சைகையைப் பார்த்துச் செய்துவிட்டு, புரிந்துவிட்டதுபோல் தோன்றும். எண்களை வரிசையாகச் சொல்வதும் திட்டுவதும் பழகிய பாட்டைப் பாடுவதும் மிஞ்சியிருப்பது உண்டு. அதை வைத்து 'பேச முடிகிறது, வேண்டுமென்றே பேசமாட்டேன் என்கிறார்' என்று எண்ணிவிடாதீர்கள்.

வலக்கைக்காரருக்கு வலப்பக்கச் சேதத்தால் பேச்சிழப்பு வருவது அரிது. ஆனால் வரும்.

பிறக்கும்போதே இடப்பக்கம் சேதமானால் பிள்ளை பேசுமா?

பெரும்பாலும் பேசும். பிறப்பை ஒட்டி இடது பாதியில் பக்கவாதம் வந்த பிள்ளைகளில், வலது பாதியின் நேர் எதிரான பகுதிகளே மொழியை எடுத்துக்கொள்கின்றன. வயது ஏற ஏற இந்த வாய்ப்பு சுருங்குகிறது. வலக்கையின் பலவீனம் மட்டும் நிலைத்துவிடுவதால் இவர்களில் பலர் இடக்கைக்காரர்களாக வளர்கிறார்கள். இடக்கைக்காரர்களின் புள்ளிவிவரத்தில் இப்படிப்பட்டவர்களும் கலந்திருக்கிறார்கள். வலிப்பு நோயாளிகளிடம் எடுத்த பழைய கணக்குகளை அப்படியே எல்லாருக்கும் பொருத்தக் கூடாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இடக்கைக்காரர்கள் சீக்கிரம் இறந்துவிடுவார்களா?

1991இல் அப்படி ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தது. இறந்தவர்களின் சராசரி வயதை ஒப்பிட்டதில் பிழை. அக்காலத்து முதியவர்கள் சிறுவயதில் கை மாற்றப்பட்டவர்கள். எனவே இடக்கைக்காரர்களாகப் பதிவானவர்கள் இயல்பாகவே இளையவர்கள். இறந்தோரிலும் அவர்களின் சராசரி வயது குறைவாகத்தானே வரும்.

இதயம் வலப்புறம் இருப்பவர்களுக்குப் பேச்சும் வலப்புறமா?

இல்லை. உள்ளுறுப்புகள் கண்ணாடிப் பிம்பம்போல் மாறி அமைந்தவர்களிலும் பெரும்பாலோர் வலக்கைக்காரர்களே. அவர்களை எஃப்எம்ஆர்ஐயில் பார்த்தபோது பேச்சு வழக்கம்போல இடப்பக்கமே இருந்தது. இதயத்துக்குப் பக்கம் சொல்லும் கருக்காலப் பொறிமுறை வேறு, மூளைக்குப் பக்கம் சொல்லும் பொறிமுறை வேறு.